போர்டு வாங்கும் முன் பிளக் பாயிண்டைப் பாருங்கள்

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கும் தங்கைக்கும், கல்யாண வீடியோ எடிட் செய்யும் தனக்கும் சேர்த்து வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய ஆசை. ப்ராசசர் ஐ5-12400எஃப், கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060 என்று முடிவாகிவிட்டது. பழைய கம்ப்யூட்டரில் இருந்த இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ரேம் கைவசம் இருக்கிறது. கடையில் கொடுத்த கொட்டேஷனில் எச்610 மதர்போர்டும், கேபினட்டோடு சேர்ந்தே வரும் 500 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் (சுவர் கரண்டை கம்ப்யூட்டருக்கு வேண்டிய வோல்டேஜாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி) உள்ளன. “இந்த இரண்டும் போதுமா, மாற்றணுமா? எங்கள் ஊரில் லோ வோல்டேஜ் வேறு. இன்வெர்ட்டர் இருக்கிறது, தனியாக யூபிஎஸ் வேண்டுமா?” என்பதுதான் கேள்வி.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த போர்டை வைத்துக் காலம் தள்ளலாம், கொஞ்சம் சேர்த்துப் போட்டால் நல்லது. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் கேபினட்டிலிருந்து கழற்றிக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். இலவசம் என்றாலும் வேண்டாம். பணம் பத்தவில்லை என்றால் கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்குங்கள், எஸ்எம்பிஎஸ்ஸில் இறங்காதீர்கள். கிருஷ்ணகிரியில் பதினைந்து வருடமாகத் தெரிந்தவர்களுக்கு அசெம்பிள் செய்து கொடுத்தும், செத்த மெஷினைப் பிரித்துப் பார்த்தும் நான் வந்து சேர்ந்த இடம் இது.

கேபினட்டோடு வரும் அந்தப் பெட்டியில் என்ன குறை என்று கேட்பீர்கள். அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்தால் போதும். அதில் ஒரு கட்டம் இருக்கும்: +3.3, +5, +12 என்று வோல்டேஜ்கள் மேலே, ஒவ்வொன்றுக்கும் கீழே எத்தனை ஆம்பியர் என்று. நீங்கள் பார்க்க வேண்டியது 12 வோல்ட் கட்டம் மட்டும்தான். தருமபுரியில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்த ‘500 வாட்’ பெட்டியில் அந்தக் கட்டத்தில் 16 ஆம்பியர் என்று இருந்தது. பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட். மிச்ச வாட் எல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் எழுதிக் காட்டிய கணக்கு. ப்ராசசர் 5 வோல்ட்டில் கரண்ட் எடுத்த காலம் ஒன்று இருந்தது, பென்டியம் 4 வந்த 2000-த்தை ஒட்டி அது முடிந்துபோனது. இன்றைக்கு ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தங்களுக்கு வேண்டியதைக் கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட்டில்தான் எடுக்கின்றன.

இப்போது உங்கள் பாகங்களைக் கூட்டிப் பாருங்கள். ஐ5-12400எஃப் பெயரளவில் 65 வாட், முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். ஆர்டிஎக்ஸ் 4060 எடுப்பது 115 வாட். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக 50 வாட் வைத்துக்கொண்டால் மொத்தம் 282. நண்பர் வீட்டுப் பெட்டி 12 வோல்ட்டில் நேர்மையாகவே 192 கொடுத்தாலும் இதற்குப் பத்தாது. தங்கை வேர்டில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கும்போது ஒன்றும் தெரியாது. நீங்கள் மூன்று மணி நேர முகூர்த்த வீடியோவை ரெண்டருக்குப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகி லாகின் ஸ்கிரீனில் நிற்கும். உடனே எல்லோரும் என்ன செய்வார்கள்? விண்டோஸ் கெட்டுவிட்டது என்று ஃபார்மட் அடிப்பார்கள். அடுத்த வாரம் மறுபடி அதே கதை. நண்பர் வீட்டில் மூன்று முறை ஃபார்மட் ஆன பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்தப் பெட்டியைப் பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்து பார்த்தேன். இதை நீங்கள் செய்யாதீர்கள். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். 230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றினால் உச்சம் 325 வோல்ட், அதுதான் அங்கே உட்கார்ந்திருக்கும். கரண்ட் உள்ளே நுழையும் இடத்தில் காயில் எனப்படும் கம்பிச் சுருள் இரண்டும், நாலைந்து கெபாசிட்டரும் இருக்க வேண்டும். பச்சைப் பலகையில் அவற்றுக்கான படம்கூட அச்சடித்திருந்தது. காயில் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு துண்டுக் கம்பியை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். கெபாசிட்டருக்கான ஓட்டைகள் காலியாகவே இருந்தன. கையில் எடுத்தால் லஞ்ச் பாக்ஸ் கனம்தான். ரொம்ப லேசாக இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை நான் நம்புவதில்லை.

அப்போ எதை வாங்குவது? நல்ல 550 வாட் பெட்டி ஒன்றின் லேபிளில் 12 வோல்ட் கட்டத்தில் 45 ஆம்பியர் அளவில் இருக்கும், அதாவது 540 வாட். மொத்த வாட்டும் கிட்டத்தட்ட 12 வோல்ட்டிலேயே கிடைக்கிறது என்று அர்த்தம். உங்களுக்கு அதுதான் அளவு. 282-க்கு எதற்கு 550 என்றால், 115 வாட் என்பது சராசரிக் கணக்கு. கிராபிக்ஸ் கார்டு கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக அதைவிட நிறைய இழுத்துவிட்டுத் திரும்பும். எஸ்எம்பிஎஸ்களுக்கென்று 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இந்தத் திடீர் இழுப்பைத் தாங்குவதற்கென்றே எழுதப்பட்டது. புதிதாக வாங்குகிறவர் அந்த 3.0 அல்லது 3.1 என்ற எழுத்து இருப்பதாகப் பார்த்து வாங்கலாம். என்விடியாவும் 4060-க்கு 550 வாட் என்றுதான் சொல்கிறது. அடுத்தது சூடு. தருமபுரி, கிருஷ்ணகிரி வெயிலில் ஏப்ரல் மாத மத்தியானம் ஷீட் போட்ட அறையில் நாற்பது டிகிரி சாதாரணம். நல்ல பெட்டிகளில் ‘40 டிகிரியில்’ அல்லது ‘50 டிகிரியில் தொடர்ந்து இத்தனை வாட்’ என்று எழுதியிருப்பார்கள். பாதி சுமையில் ஓடினால் ஃபேன் சத்தமும் குறையும், கெபாசிட்டருக்கும் ஆயுசு கூடும். அதற்காக 850 வாட் வாங்கிப் பணத்தைக் கொட்டவும் வேண்டாம்.

பெட்டியின் மேல் இருக்கும் 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு என்ற மின்சிக்கன முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. கோல்டு வாங்கினால் கரண்ட் பில் மிச்சம் என்று கடையில் சொல்வார்கள். கணக்குப் போடுவோம். பாதி சுமையில் பிரான்ஸ் சுமார் 85 சதவீதம், கோல்டு சுமார் 90. கம்ப்யூட்டர் 250 வாட் எடுக்கும்போது பிரான்ஸ் சுவரிலிருந்து 294 வாட் இழுக்கும், கோல்டு 278. வித்தியாசம் 16 வாட். தினம் ஐந்து மணி நேரம் இப்படி ஓடினாலும் இரண்டு மாத பில்லில் ஐந்து யூனிட்கூட வராது. ஆகவே பில்லுக்காகக் கோல்டு வாங்க வேண்டாம். ஏழு வருடம், பத்து வருடம் வாரண்டி கொடுக்கும் பெட்டிகள் பெரும்பாலும் கோல்டாக இருக்கின்றன, அதற்காக வேண்டுமானால் வாங்கலாம். இன்னொன்று, 80 பிளஸ் சோதிப்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும்தான். ஷார்ட் ஆனால் பெட்டி தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறதா, 12 வோல்ட் அலையாமல் நிற்கிறதா என்பதெல்லாம் அந்தச் சோதனையில் இல்லை. 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட்டுக்கு மேல் அலை இருக்கக் கூடாது என்பது ஏடிஎக்ஸ் விதி. அதை ஆஸிலாஸ்கோப் வைத்து அளந்து எழுதும் விமர்சனங்கள் இணையத்தில் இருக்கின்றன. வாங்கப்போகும் மாடலின் முழுப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கம்பெனி பெயரை மட்டும் நம்பினால் ஏமாறுவோம், ஒரே கம்பெனி அருமையான வரிசையும் விற்கும், சுமாரான வரிசையும் விற்கும்.

லோ வோல்டேஜுக்கு வருகிறேன். த்ரீ பேஸ் வந்து தோட்டத்து மோட்டார்கள் ஒன்றாக ஓடத் தொடங்கியதும் வீட்டில் டியூப் லைட் மங்கி, ஃபேன் சோர்ந்துபோகிற ஊர் என்றால் லேபிளில் இன்னொரு வரியைக் கட்டாயம் பாருங்கள். உள்ளே போகும் வோல்டேஜ் ‘100-240’ என்று இருக்கிறதா, ‘200-240’ என்று இருக்கிறதா? இங்கே விற்கும் விலை குறைந்த மாடல்களில், பெயர்பெற்ற கம்பெனிகளுடையது உட்பட, 200-240 நிறைய. டவுனுக்குள் அது பரவாயில்லை. 170-க்கு இறங்கும் வீட்டில் அது அணைந்துபோகலாம். 100-240 பெட்டிக்கு 170 ஒரு பொருட்டே இல்லை, கூடுதல் ஆம்பியர் இழுத்துக்கொண்டு அது பாட்டுக்கு ஓடும். அப்படிப்பட்ட பெட்டி வாங்கினால் கம்ப்யூட்டருக்கென்று ஸ்டெபிலைசர் வேண்டாம். டக் டக்கென்று ரிலே மாறும் ஸ்டெபிலைசரால் நன்மையைவிடத் தொல்லைதான் அதிகம்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்றீர்கள். சரி, அது எப்படிப்பட்ட இன்வெர்ட்டர்? பழைய ஸ்கொயர் வேவ் என்றால் கம்ப்யூட்டரை அதில் மாட்டாதீர்கள். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று இருக்கும், அதற்கு ஒழுங்கான சைன் வேவ் வேண்டும். ஸ்கொயர் வேவில் அது உறுமும், சில சமயம் அணைந்தே போகும். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், யூபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று. கரண்ட் போனால் எஸ்எம்பிஎஸ் தன்னிடம் சேர்த்துவைத்ததைக் கொண்டு சுமார் 16 மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது விதி. நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஒரு முழுச் சுற்றே 20 மில்லி செகண்ட், அதைவிடக் குறைவு. நார்மல் மோடில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாற இதைவிட அதிக நேரம் எடுக்கலாம், மெஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யூபிஎஸ் மோடில் வேகமாக மாறும். ஆனால் அந்த மோடில் வோல்டேஜ் 180 போலக் குறைந்தாலே பேட்டரிக்குத் தாவிவிடும். உங்கள் ஊர் மாதிரி தினமும் லோ வோல்டேஜ் இருக்கும் இடத்தில் கரண்ட் இருந்தும் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். கடைசியில் உண்மையாகக் கரண்ட் போகும்போது ஃபேனுக்குக்கூடப் பேட்டரியில் ஒன்றும் இருக்காது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது தனி யூபிஎஸ், வீட்டு இன்வெர்ட்டர் லைனைச் சேராத பிளக் பாயிண்டில். கடையில் எடுத்தவுடன் நீட்டும் 600 விஏ யூபிஎஸ் என்பது 360 வாட்தான். உங்கள் மெஷின் முழு வேகத்தில் சுவரிலிருந்து 325 வாட் போல இழுக்கும், மானிட்டர் இன்னொரு 25. விளிம்பில் நிற்கும். 1000 விஏ, அதாவது சுமார் 600 வாட் வாங்குங்கள். அதுவும் அரை மணி நேரம் வேலை பார்ப்பதற்கு இல்லை. ஃபைலைச் சேவ் செய்து, ஷட் டவுன் கொடுக்கும் வரைக்கும்தான்.

இப்போது எல்லோரும் தாண்டிப் போய்விடும் விஷயம்: எர்த். போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த அம்மா சொன்னார், “கம்ப்யூட்டர ஈரத் துணியால தொடச்சா கையில எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது தம்பி.” கேபினட்டின் பின்பக்க ஸ்க்ரூவில் டெஸ்டரை வைத்தால் மினுக்கென்று எரிந்தது. பையன் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கத் தயாராக இருந்தான். பெட்டி நன்றாகத்தான் இருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் பேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்ன கெபாசிட்டர் இரும்பு உடம்பில் சேர்ந்திருக்கும். எர்த் இருந்தால் அதில் கசியும் துளி கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினட் உடம்பு 230-ல் பாதியில், 115 வோல்ட் போல மிதக்கும். ஆளைக் கொல்லும் அளவு கரண்ட் அதில் வராது. ஆனால் டிவியோ செட் டாப் பாக்ஸோ அதே மாதிரி மிதந்துகொண்டிருக்கும்போது எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகினால் ஒரு பொறி பறக்கும், எச்டிஎம்ஐ போர்ட் செத்துப்போகலாம். ஸ்விட்ச் பாக்ஸைக் கழற்றிப் பார்த்தோம். மூன்று ஓட்டை சாக்கெட்தான், ஆனால் மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை.

நீங்கள் முதலில் வாங்க வேண்டியது ஒரு சாதாரண மல்டிமீட்டர். ஏசி வோல்ட்டில் வைத்து, பழக்கமில்லையென்றால் எலக்ட்ரீசியனை வைத்துக்கொண்டே அளங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் என்ன வருகிறதோ கிட்டத்தட்ட அதே அளவு பேஸுக்கும் எர்த்துக்கும் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வீட்டில் மற்ற சாமான்கள் ஓடும்போதும் சுத்தமாகப் பூஜ்யம் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். சில இடங்களில் எர்த் ஒயருக்கு வழியில்லாமல் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். மீட்டரில் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். என்றைக்காவது வெளியே நியூட்ரல் அறுந்தால் கேபினட் முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும்.

எர்த் புதிதாகப் போடுவதென்றால் நம் மாவட்டத்தில் ஒரு கஷ்டம், தோண்டினால் பாறை. கிரானைட்டுக்குப் பேர்போன மண்ணில் ராடு இரண்டடி இறங்கியதும் டங்கென்று நிற்கும், அதை அப்படியே வெட்டிவிட்டு மூடிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. குளியலறைத் தண்ணீர் போகும் பக்கமோ தென்னைக்குப் பாத்தி கட்டிய இடமோ ஈரம் தங்கும் இடமாகப் பார்த்துக் குழி எடுக்கச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்டு, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். இந்தச் செலவு கம்ப்யூட்டர் கொட்டேஷனில் இருக்காது, நீங்கள்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கோடை மழையில் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குவதோடு லேன் கேபிளையும் பிடுங்குங்கள். இடிக்குப் பிறகு என்னிடம் வரும் போர்டுகளில் பல, நெட் போர்ட் மட்டும் செத்துப்போனவை.

எஸ்எம்பிஎஸ் பேச்சை முடிக்கும் முன் என் சொந்த முட்டாள்தனம் ஒன்று. கேபிளைக் கழற்றி மாட்டும் மாடுலர் வகைப் பெட்டி ஒன்றை மாற்றினேன். பழைய பெட்டியிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் சாட்டா கேபிள் கேபினட்டுக்குள் அழகாகக் கட்டியிருந்தது, அதைப் பிரிக்கச் சோம்பல்பட்டு புதிய பெட்டியில் அப்படியே சொருகினேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஆன் செய்ததும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஒரு நாற்றம், அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க் பக்க முனை எல்லா இடத்திலும் ஒன்றுதான். பெட்டிப் பக்க முனையில் எந்தக் கம்பி 12 வோல்ட், எது 5 வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். அந்த டிஸ்க்கில் மச்சினன் கல்யாண போட்டோ இருந்தது. வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். அதே மாதிரி, ப்ராசசருக்கான 4+4 கேபிளும் கிராபிக்ஸ் கார்டுக்கான 6+2 கேபிளும் பார்க்க ஒன்று போல இருக்கும், பிளஸ் மைனஸ் தலைகீழ். இறுக்கமாக இருக்கிறதே என்று அழுத்தி மாட்டாதீர்கள்.

இனி மதர்போர்டு. இதில் பயமுறுத்த அவ்வளவு இல்லை. ஆனால் அதற்கு முன் உங்கள் ப்ராசசரில் ஒரு எழுத்தை மாற்றச் சொல்வேன். 12400எஃப் வேண்டாம், எஃப் இல்லாத 12400 வாங்குங்கள். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. கிராபிக்ஸ் கார்டு தனியாகத்தான் இருக்கிறதே என்பீர்கள். கல்யாணத்துக்கு இப்போது எடுக்கும் கேமராக்களில் பல எச்.265 என்ற சுருக்கும் முறையில், நிற விவரம் அதிகம் உள்ள 10 பிட் 4:2:2 என்ற வகையில் பதிவு செய்கின்றன. அந்த வகை ஃபைலை ஹார்ட்வேரிலேயே பிரித்துக் கொடுக்கும் வசதி ஆர்டிஎக்ஸ் 4060-ல் இல்லை. என்விடியாவில் அது 50 வரிசையில்தான் வந்தது. 12400-க்குள் இருக்கும் சின்ன யூஎச்டி 730 கிராபிக்ஸில் அது இருக்கிறது. உங்கள் எடிட்டிங் சாஃப்ட்வேர் அதைப் பயன்படுத்தும் வகையாக இருந்தால், டைம்லைனை இழுக்கும்போது திக்கித் திக்கி ஓடும் வீடியோ வழுக்கிக்கொண்டு போகும். கார்டு மாட்டியதும் பல போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும், போர்டின் செட்டிங்ஸ் இருக்கும் பயாஸுக்குள் போய் மறுபடி ஆன் செய்ய வேண்டும். இன்னொரு லாபம், கார்டு என்றைக்காவது மக்கர் செய்தால் போர்டின் எச்டிஎம்ஐயில் மானிட்டரை மாட்டி வேலையை ஓட்டலாம். எஃப் ப்ராசசர் வாங்கி, கார்டு இல்லாமல் போர்டில் மானிட்டரை மாட்டிவிட்டு “போர்டு டெட் அண்ணா” என்று வந்த பையன்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

உங்களிடம் டிடிஆர்4 ரேம் 16 ஜிபி இருக்கிறது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறியிருக்கும் ஏற்றத்தில் அது சொத்து. ஆகவே டிடிஆர்4 போர்டு. 12400 உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் டிடிஆர்4 போர்டும் வரும், டிடிஆர்5 போர்டும் வரும், ஒன்றில் மற்றது நுழையாது. போர்டின் பெயருக்குப் பின்னால் டி4 என்று பெரும்பாலும் ஒட்டியிருக்கும், பில் போடும் முன் பாருங்கள்.

எச்610-ஆ, அதற்கு ஒரு படி மேலான பி760-ஆ? கரண்ட் தாங்குமா என்றால், 117 வாட் ப்ராசசருக்கு இரண்டும் தாங்கும். போர்டில் ப்ராசசரைச் சுற்றி நின்று அதற்கு வேண்டிய வோல்டேஜைக் கொடுக்கும் விஆர்எம் பகுதியைப் பற்றி நெட்டில் பெரிய சண்டையே நடக்கும். அது ஐ7, ஐ9 வாங்குகிறவர்களின் கவலை. உங்களுக்குக் கவலை வேறு. எச்610 போர்டுகளில் பெரும்பாலும் எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட் ஒன்றுதான், ரேம் ஸ்லாட் இரண்டுதான். இரண்டு ரேம் ஸ்லாட்டும் உங்கள் 8 ஜிபி துண்டுகளால் நிரம்பிவிடும். நாளைக்கு 32 வேண்டுமென்றால் இரண்டையும் கழற்றி விற்க வேண்டும். எடிட்டிங்குக்கு விண்டோஸ் ஒரு எஸ்எஸ்டியிலும், கேமரா ஃபைல்கள் இன்னொரு எஸ்எஸ்டியிலும் இருந்தால் சௌகரியம், அதற்கு இரண்டு எம்.2 வேண்டும். நாலு ரேம் ஸ்லாட்டும் இரண்டு எம்.2-வும் உள்ள பி760 டிடிஆர்4 மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு உங்களுக்குச் சரியாக இருக்கும். வேகத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. எச்610-ன் எம்.2 மூன்றாம் தலைமுறை வேகம்தான், விநாடிக்கு 3500 எம்பி அளவு, கல்யாண வீடியோவுக்கு அதுவே ஏராளம். எண்ணிக்கைதான் பிரச்சினை. தங்கை படிப்புக்கு மட்டும் என்றால் எச்610-ஐயே வாங்கச் சொல்லியிருப்பேன்.

இந்த சாக்கெட்டுக்கு எதிர்காலம் இல்லையே, இன்டெலின் 12 முதல் 14 தலைமுறையோடு முடிந்துவிட்டதே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். எல்லாம் புதிதாக வாங்குகிறவருக்கு ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்5 சாக்கெட்டைத்தான் நானும் சொல்வேன், 2027 வரைக்குமாவது அதற்குப் புது ப்ராசசர் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் அதில் டிடிஆர்5 மட்டும்தான், உங்கள் ரேம் வீணாகிவிடும். தவிர, நான் அசெம்பிள் செய்து கொடுத்தவர்களில் ப்ராசசரை மட்டும் கழற்றி மாற்றியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஏழெட்டு வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாக மாற்றுவதுதான் நம் பழக்கம்.

ரொம்ப மலிவாக, பெயரே கேள்விப்படாத கம்பெனியின் ‘புது’ எச்61, எச்81 போர்டைக் காட்டினால் பக்கத்தில் போகாதீர்கள். பழைய சிப்பைப் புதுப் பலகையில் ஒட்டியது. அதற்கேற்ற ப்ராசசர்கள் விண்டோஸ் 11-க்கு ஏற்றவை இல்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

பின்பக்கம் எத்தனை யூஎஸ்பி என்று விரல் விட்டு எண்ணுங்கள். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், கார்டு ரீடர், ஹார்ட் டிஸ்க், இதிலேயே ஐந்து போய்விடும். போர்டில் வைஃபைக்கு என்று கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், ரௌட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்துவிடுங்கள்.

எங்கே வாங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோடு பஸ்ஸில் போய்வரும் தூரம்தான், விலையும் குறையும். ப்ராசசர், ரேம், எஸ்எஸ்டி எங்கே வாங்கினாலும் ஒன்றுதான், அவை கெடுவது அபூர்வம். போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் மட்டும், பிரச்சினை என்றால் மறுநாள் காலையில் போய் நிற்க முடிகிற கடையில் வாங்குங்கள். ஐந்நூறு ஆயிரம் கூட ஆனாலும் பரவாயில்லை. பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள்.

பணம் கொடுக்கும் முன் போர்டு டப்பாவை உங்கள் முன்னாலேயே திறக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் கேளுங்கள். சாக்கெட்டின் கறுப்பு மூடியை எடுத்தால் உள்ளே 1700 பின், முடிபோல மெல்லிசு. செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் கேமராவில் ஜூம் செய்து பார்த்தால், எல்லாம் ஒரே திசையில் ஒரே சாய்வில் மின்ன வேண்டும். ஒரு புள்ளி மட்டும் வேறு மாதிரி மின்னினால் அந்தப் பின் வளைந்திருக்கிறது, வேறு போர்டு கேளுங்கள். வீட்டுக்கு வந்து நீங்கள் கண்டுபிடித்தால் நீங்கள் வளைத்தது என்றுதான் கணக்காகும். ப்ராசசரை உட்காரவைத்து லிவரைக் கீழே அழுத்தும்போது அந்தக் கறுப்பு மூடி தானாகத் துள்ளி விழும். அதைக் குப்பையில் போடாமல் போர்டு டப்பாவுக்குள் போட்டுவையுங்கள். வாரண்டிக்குப் போர்டை அனுப்பும்போது அந்த மூடி மேலே மாட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.